அர்ச்சகர் மிதித்த கிளட்ச்

உலகத்தில் எத்தனையோ லாரி முதலாளிகள் இருக்கலாம். தெருவில் உள்ளவர்களின் முகங்களையெல்லாம் பார்த்துவிட்டு கிளட்ச் வாங்கிய ஒரே முதலாளி மைசூர் அக்ரஹாரத்து லாரி மாமாதான். எழுதியே கொடுக்கிறேன், இன்னொருவர் இருக்க முடியாது.

லாரி மாமாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய பெருமாளுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். மேல்கோட்டைப் பூர்வீகம், பளிச்சென்று நாமம், பஞ்சகச்சம், தெருமுனையில் ஒரு பழைய பெட்ரோல் லாரி. லாரி ஓட்ட அவருக்குத் தெரியாது. ஆனால் அது போகிற இடத்துக்கெல்லாம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவார். அப்போதும் ரோட்டைப் பார்க்க மாட்டார், டிரைவரின் முகத்தையே பார்ப்பார். கேட்டால், "ரோட்டை அவன் பாத்துக்கறான். அவனை யார் ஓய் பாத்துக்கறது?" என்பார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அறை கேட்டுப் போன அன்று என்ன வேலை, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு வெந்துவிட்டது. "நன்னா காட்டறது உம்ம மூஞ்சி. ஒண்ணையும் மறைக்கத் தெரியாது உமக்கு. நாளைக்கே வந்துடும்" என்று சாவியை நீட்டினார். கத்தரிக்காய் வாங்குவதும் இப்படித்தான். கத்தரிக்காயைத் தொடவே மாட்டார், விற்கிறவளைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் பாதி சொத்தையாக இருக்கும். அதனால் அவர் நம்பிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

பெட்ரோல் விலை ஏறியபோது லாரி மாமா தடுமாறிப் போனார். அந்த லாரி பெட்ரோல் குடிப்பதைப் பார்த்தால் குடிகாரனே வெட்கப்படுவான். கடைசியில் பழைய டீசல் என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, தெருமுனையிலேயே மாற்ற ஏற்பாடு செய்தார். மேஸ்திரி வேலூர்க்காரர், கோபக்காரர்.

"என்ஜின் உக்காந்துக்கும் சாமி. ஆனா இந்தப் பழைய கிளட்ச் டீசல் இழுப்புக்குத் தாங்காது, வழுக்கிக்கினு போயிடும். கெட்டி ஸ்பிரிங் வச்ச செட்டு ஒண்ணு கீது. மெதிக்கக் கொஞ்சம் கஷ்டம், ஆனா வருசக் கணக்கா ஒழைக்கும்" என்றார் அவர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெல்லம் ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கும் வண்டி. வேறு யாராக இருந்தாலும் உடனே சரி என்றிருப்பார்கள். லாரி மாமா, "மாட்டும். மிதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மிதித்துப் பார்த்தது அவரில்லை, தெரு! அன்று ஞாயிற்றுக்கிழமை. பூஜை முடித்து வந்த அர்ச்சகரை வழிமறித்து லாரியில் ஏற்றினார். அர்ச்சகர் மடி வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெருமாளை நினைத்து ஒரு மிதி மிதித்தார். பெடல் அசையவில்லை, அர்ச்சகர்தான் இருக்கையிலிருந்து எழும்பினார். அடுத்து காபிப்பொடிக் கடைக்காரர். அவர் கனத்துக்குப் பெடல் தானாகவே தரையைத் தொட்டது. "சுகமா இருக்கு மாமா!" என்றார். "உம்ம சாட்சி செல்லாது. கன்னத்துக்குள்ள மூஞ்சி எங்கே இருக்குன்னே தெரியலை" என்று இறக்கிவிட்டார். பிறகு நான். இடுப்பு வரைக்கும் சுளீரென்றது.

கீழே இறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டப்போவது டிரைவர் அந்தோணி. அவரை விட்டுவிட்டு ஊரையே எதற்கு மாமா மிதிக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

லாரி மாமா என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரல் இறங்கிவிட்டது.

"அந்தோணிக்கு இடது முழங்கால் போயிடுத்து ஓய். ஒவ்வொரு கியருக்கும் பல்லைக் கடிக்கறான். எங்கிட்டே சொல்லமாட்டன், வேலை போயிடும்னு பயம். தெரியும்னு நான் சொன்னாலோ, ரோஷக்காரன், அன்னிக்கே மூட்டையைக் கட்டிண்டு சொந்த ஊர் மார்டள்ளிக்குப் போயிடுவன். ரெண்டு பொண்ணைக் கட்டிக் கொடுக்கணும் அவன். தெருவோட தெருவா அவனும் மிதிக்கட்டும். சும்னே இரும்."

அப்புறம் நான் சும்மா போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டேன்.

அந்தோணியின் முறை வந்தது. ஏறி உட்கார்ந்தார், மிதித்தார். "பஞ்சாட்டம் இருக்குதுங்க சாமி" என்று சிரித்தார். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

"மேஸ்திரி, கழட்டும்!" என்றார் லாரி மாமா.

"இன்னா சாமி? அவரே நல்லாக்கீதுன்றாரே!"

"அர்ச்சகர் முகத்தைச் சுளிச்சார். பெருமாளைத் தொடற மனுஷன் சுளிச்ச கிளட்ச் எனக்கு வேண்டாம். பேடவே பேட!"

"மலை ஏறப்போறது அர்ச்சகரா?" என்று மேஸ்திரி ஸ்பானரைத் தரையில் அடித்தார். லாரி மாமா அசையவில்லை. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, இளகிய ஸ்பிரிங் வைத்த வேறொரு செட்டை மாட்டுவதற்குள் மேஸ்திரி சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அந்தோணி மறுபடி ஏறி மிதித்தார். "இதுவும் பஞ்சாட்டந்தானுங்க" என்றார். ஆனால் காலை எடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே இன்னொரு முறை மிதித்தார், பிறகு இன்னொரு முறை. புதுச் செருப்பு போட்டுப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். லாரி மாமா வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"இதுவே இருக்கட்டும்."

"சாமி, நல்லா கேட்டுக்க. வெல்ல மூட்டைய ஏத்திக்கினு மலை ஏறினா இது கருகிப் பூடும்" என்றார் மேஸ்திரி.

லாரி மாமா ஸ்வல்ப நேரம்தான் யோசித்தார். "அப்படின்னா வெல்லம் வேண்டாம்."

அதற்குப் பிறகு அந்த லாரி பொரி மூட்டை ஏற்றியது. துடைப்பம், மூங்கில் கூடை, இலவம்பஞ்சு ஏற்றியது. மலையையே பெயர்க்கிற டீசல் என்ஜின், மேலே ஆளுயரத்துக்குப் பொரி! வண்டி கிளம்பும்போதெல்லாம் தெரு கைகொட்டிச் சிரித்தது. காபிப்பொடிக் கடைக்காரர், "காத்தடிச்சா லோடு பறந்துடும், மாமாவையும் சேத்துக் கட்டுங்கோ" என்பார். வெல்ல மண்டிக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். வரும்படி மெலிந்தது, மாமி கழுத்துச் சங்கிலியும் மெலிந்தது. லாரி மாமா ஜம்மென்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துக்கொண்டே போனார்.

ஒருநாள் அந்தோணி என்னைத் தனியாகப் பிடித்தார்.

"ஏனுங்க, சேலத்துக்காரரு ஒருத்தரு பெரிய வண்டிக்குக் கூப்பிடறாருங்க. கூலியும் சாஸ்திதானுங்க. நான் வல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

"ஏன்?" என்றேன்.

அவர் லாரி மாமாவின் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாமிக்கு வயசாயிப்போச்சுங்க. முன்னயாட்டம் தைரியமில்லை. வெல்ல மூட்டை ஏத்தவே பயப்படறாரு, பொரி ஏத்திக்கிட்டுத் திரியறாரு. இந்த நெலமையில நானும் உட்டுப்போட்டுப் போனா அவருக்கு யாருங்க இருக்கறாங்க? நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, மனசு ஒடஞ்சு போயிரும்."

எனக்கு அந்த இருவரையும் ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் கடைசிவரை இரண்டு பேரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.