அம்மா வழியில் வந்த குடியுரிமை

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அம்மாவும் நலம், காது மட்டும் தனக்குப் பிடித்ததைத்தான் கேட்கிறது. மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன், நீதான் போனையே எடுப்பதில்லையே.

வழக்கு முடிந்துவிட்டது. பஸ் பணிமனையில் ஓய்வுபெற்ற மறுமாதம், வருஷா வருஷம் போவதுபோல வெளிநாட்டார் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "வேலை இல்லாதவங்களுக்குப் புதுப்பிக்க முடியாது சார். தொண்ணூறு நாளுக்குள்ள உங்க நாட்டுக்குப் போயிடணும்" என்றாள். எது என் நாடு? அப்பாவின் நாட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்தது அந்த அலுவலகத்துக்கு நாலு கட்டடம் தள்ளி. "எங்கம்மா இந்த நாட்டுக்காரங்கதாம்மா" என்றேன். "நீங்க பிறந்தப்ப இருந்த சட்டப்படி அப்பா வழிதான் செல்லும். அம்மா வழின்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றாள். நீ சட்டம் மாறிய பிறகு பிறந்தவள். ஒரு வரிசையிலும் நிற்காமல் குடிமகளாகிவிட்டாய். அதில் எனக்குப் பொறாமை இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான்.

என் வக்கீலம்மா முதலில் என்னை வெளியேற்றுவதற்குத் தடை வாங்கினார். பிறகு ஆரம்பித்தது கூத்து. அம்மாவின் பெயர் அவள் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் குறைவு, கல்யாணச் சான்றிதழில் ஒரு எழுத்து அதிகம், என் சான்றிதழிலோ வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். இவர்கள் மூன்று தனித்தனிப் பெண்கள் என்று அரசு வக்கீல் வாதாடினார். அப்படியானால் அந்த அம்மாவையே கூட்டிவாருங்கள் என்றார் நீதிபதி. கோர்ட்டில் லிப்ட் ஓடவில்லை. இரண்டு காவலர்கள் நாற்காலியோடு மூன்று மாடி தூக்கினார்கள், எந்தக் காலை எந்தப் படியில் வைப்பது என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இவர் உங்க பிள்ளைதானாம்மா?" என்று நீதிபதி கேட்டார். இரண்டு தடவை உரக்கக் கேட்டபிறகு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "காகிதம் ஏதாவது வேணும்னா மட்டும் பிள்ளை" என்றாள். தட்டச்சர் அதையும் அடித்துவிட்டார். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு. ஒன்றரை நாள் வலி, நாலு கிலோ இருந்தான். நான் இந்த நாட்டுக்காரிதானே? அப்போ என் வயித்துல இருந்த ஒன்பது மாசமும் இவன் எந்த நாட்டுல இருந்தான்? அதை அந்த வக்கீலைச் சொல்லச் சொல்லுங்க."

அரசு வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. தீர்ப்பு போன வாரம் வந்தது: தாய் வழியில், பிறந்த நாள் முதலே நான் இந்த நாட்டுக் குடிமகன். இனி எந்த அலுவலக வாசலையும் மிதிப்பதாக இல்லை. காலையில் எழுந்து காபி குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கப்போகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

உன் அண்ணன்.

பி.கு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிறப்பிலேயே குடிமகனான நான் நாற்பத்திரண்டு வருஷம் வெளிநாட்டான் என்று கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியது எப்படி என்று இன்று மூன்று மணிக்குள் நேரில் வந்து விளக்கவேண்டுமாம். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.