நெல்லிக்காய் விழுவதற்குள்

ஒரு காட்டில் சந்தேகம் கேட்பதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது எந்தக் காடு என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்த நாளில் அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் மிருகங்களெல்லாம் நெல்லிமரத்தடியில் கூடும். கேட்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். யானைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று புகார் வந்ததால், யானைக்கு மட்டும் தனி வரிசை. எதிரே ஒரு பாறை. அதன்மேல் உட்கார்ந்து பதில் சொல்பவருக்குப் பதிலாளர் என்று பட்டம்.

விதி ஒன்றே ஒன்றுதான். கேள்வி முடிந்ததும் மரத்தின் மேலிருந்து குரங்கு ஒரு நெல்லிக்காயைப் போடும். காய் தரையைத் தொடுவதற்குள் பதில் வந்துவிட்டால் அது சரியான பதில். வராவிட்டால் தப்பான பதில். பதிலுக்குள் என்ன இருந்தது என்று பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது.

முன்பெல்லாம் ஆந்தைதான் பதிலாளர். "மழை எங்கேருந்து வருது?" என்று ஒரு மான் கேட்டது. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்றது. காய் விழுந்தது. "கேள்வி நல்லாயிருக்குன்னு சொல்லவே ஒரு காய் ஆயிடுச்சு, இதெல்லாம் ஒரு அறிவா?" என்று கூட்டம் கூச்சல் போட்டு ஆந்தையை இறக்கிவிட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் கீரி.

கீரியின் பெயர் தாண்டவராயன். பாம்பின் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று பாம்புக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளும் பரம்பரை. நெல்லிக்காய் எம்மாத்திரம்?

"மின்மினிக்கு வெளிச்சம் எங்கேருந்துண்ணே வருது?" என்று தவளை கேட்கும்.

"பக்கத்து மரத்துலேருந்து கொக்கி போட்டு இழுக்குது."

"குயிலு ஏன் ஒரே எழுத்தையே சொல்லிக்கிட்டுத் திரியுது?" என்று கேட்கும் மைனா.

"மீதி எழுத்தையெல்லாம் காக்கா கூட்டுல போட்டுட்டு வந்திருச்சு."

"தேர்தலுக்குத் தேர்தல் நரி ஏன் கூட்டணி மாறுது?"

"ஒரே பக்கமாப் படுத்தா முதுகு வலிக்காதா?"

காய் கீழே வரும்போது சிரிப்பு மேலே போய்க்கொண்டிருக்கும். காக்கையிடம் ஒரு கைப்பேசி இருந்தது, சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. உயிர் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் காக்கை அதைத் தூக்கிப் பிடித்தால் படத்தில் விழுகிறோம் என்று எல்லாரும் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது கீரிக்கு உடம்பெல்லாம் ரோமம் சிலிர்க்கும். வயிற்றுக்கு எலி போதும். ஆனால் மனசுக்கு இது வேண்டியிருந்தது.

பதிலெல்லாம் சிரிப்போடு போய்விடுமா என்றால், அதுதான் இல்லை. கொக்கி விஷயம் காதில் விழுந்ததும் புலி ராஜாவின் அரண்மனை ஆட்கள் மின்மினிகளைப் பிடித்து, அனுமதிப் படிவம் எங்கே என்று கேட்டார்கள். படிவம் நிரப்பும்வரை இருட்டிலேயே பறக்கும்படி உத்தரவாயிற்று. கீரி அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரத்துக்குப் பதில் யோசிக்க வேண்டியதில்லையே தவிர, மீசையை நீவிவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஓடையில் வாழும் ஆமை வரிசைக்கு வந்தது. பெயர் வள்ளிமுத்து. முதல் நாளே கிளம்பி வந்திருந்தது.

"தம்பி, ஓடையில தண்ணி ஏன் குறைஞ்சுகிட்டே போகுது?"

"மீனுங்க குடிக்குதுக்கா!"

மரமே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஆமை மட்டும் கழுத்தை நீட்டியபடி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த முயல், "பதில் வந்தாச்சுல்ல, நகருங்கக்கா" என்று ஓட்டைத் தட்டியது.

மறுநாளே உத்தரவு வந்தது. மீன்கள் தண்ணீருக்குள் வாய் திறக்கக் கூடாது. கண்காணிக்கும் வேலை கொக்குக்கு. மீன்கள் வரிசையாக வந்து டோக்கன் வாங்கி, வாயை மூடிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வந்த மீன்கள் வாயை மூடித்தான் காட்டின. போனதைத்தான் யாரும் பார்க்கவில்லை. கொக்கு நன்றாகப் பெருத்துவிட்டது. ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் இரண்டு காலிலும் நின்றது.

சில நாள் கழித்து, கீரியின் வளைவாசலில் ஒரு கல் அசைந்தது. பார்த்தால் ஆமை.

"தம்பி, ஓடையில இப்ப மீனே இல்ல. ஆனா தண்ணி இன்னும் குறையுது."

"அக்கா, அது சும்மா வாயில வந்தது. அதைப் போயி..."

"உனக்கு வாயில வந்துச்சு. மீனுக்கு உயிரு போச்சு."

கீரிக்கு அதற்குப் பதில் வரவில்லை. காய் எதுவும் விழவில்லை என்பதால் தப்பித்தது.

"மத்தவங்களுக்கென்ன தம்பி, தண்ணி இல்லைன்னா வேற காட்டுக்கு ஓடிடுவாங்க. கரை மணல்ல என் முட்டை கிடக்கு. குஞ்சு பொரிச்சு வெளியே வர்றப்ப எதிர்ல தண்ணி இருக்கணும். இல்லைன்னா வெயில்ல காஞ்சிடும். அதுக்குத்தான் கேட்டேன்."

"எந்த மணல்லக்கா?"

"அதை நான் கீரிகிட்ட சொல்லுவேனா?" என்றது ஆமை. கேட்டது கவலையாலா பழக்கத்தாலா என்று கீரிக்கே விளங்கவில்லை.

ஆமை போனபிறகும் கீரிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து ஓடையின் கரையோடு மேலே ஓடியது. ஆமைக்கு வாழ்நாள் பயணம். கீரிக்கு ஒரு மூச்சு. மேட்டின் உச்சியில் ஓடை நின்றிருந்தது. மரக்கட்டையும் கல்லும் மண்ணும் போட்டு, காட்டுப்பன்றிகள் குறுக்கே கரை கட்டியிருந்தன. கரைக்குப் பின்னால் வானத்தைப் பிடித்து வைத்த மாதிரி ஒரு குளம். நடுவில் புலி ராஜா, மீசை மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தார். கரையில் ஒரு பலகை: ‘அனுமதியின்றி உள்ளே வருபவர்கள் உண்ணப்படுவார்கள்.’

கீரி சத்தமில்லாமல் இறங்கி வந்தது. வழியில் ஆமையைக் கண்டு, "அக்கா, அடுத்த கூட்டத்துல அதே கேள்வியைக் கேளுங்க. இந்தத் தடவை நிஜமான பதில் சொல்றேன்" என்றது.

அன்றிலிருந்து பதிலைத் தயார் செய்தது. முதலில் மேடு, பிறகு பன்றி, பிறகு கரை, பிறகு குளம், கடைசியில் ராஜா. மரியாதை கெடாமல், தலை போகாமல் சொல்ல வேண்டும். வளைக்குள் நெல்லிக்காயைப் போட்டுப் போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் மேட்டில் ஏறுவதற்குள்ளேயே காய் விழுந்தது. நிஜம் ஏன் இத்தனை நீளமாக இருக்கிறது என்று ஆந்தையைக் கேட்டிருக்கலாம். ஆந்தைதான் ஊரைவிட்டே போய்விட்டதே.

கூட்ட நாளில் புலி ராஜாவே வந்திருந்தார். ரோமம் பளபளவென்று இருந்தது. ஆமை வரிசையில் நகர்ந்து வந்து அதே கேள்வியைக் கேட்டது.

"தம்பி, ஓடையில தண்ணி ஏன் குறையுது?"

குரங்கு ராஜாவைப் பார்த்தது. ராஜா காதை லேசாக அசைத்தார். உச்சிக்கிளையில் இருந்த குரங்கு சரசரவென்று இறங்கி, தரையை உரசுகிற கிளைக்கு வந்து, அங்கிருந்து காயை விட்டது.

மேடு போயிற்று. பன்றி, கரை, குளம் எல்லாம் போயிற்று. கீரியின் வாயில் இரண்டே சொல் மிஞ்சியது.

"ராஜா குளிக்கிறார்!"

சருகுகூட அசையவில்லை. கீரி தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு புலி ராஜா வாயைத் திறந்தார். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தார். ராஜா சிரித்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? கழுதைப்புலிக்கு மூச்சு முட்டியது. "அடங்கப்பா! மீனை விட இது நல்லாயிருக்குண்ணே!" என்று தவளை தாவியது.

"இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன். மேட்டுல குளம் இருக்கு, பலகைகூட இருக்கு!" என்று கத்தியது கீரி.

"பலகையாம்ல!" என்று இன்னொரு அலை எழும்பியது. "அண்ணே, அந்தப் பலகையை இன்னொரு தடவை சொல்லுங்க, படத்துல சரியா விழலை" என்று காக்கை செத்த கைப்பேசியை நீட்டியது.

அங்கேயே கீரிக்குச் ‘சிரிப்பு மாமணி’ பட்டம் தரப்பட்டது. கூடவே ஒரு சிறப்புச் சலுகை. ராஜா குனிந்து அதன் காதில் சொன்னார்: "உனக்குத்தான் வழி தெரியுமே. வேண்டியபோது வந்து குளிச்சுக்கோ."

அவ்வளவு கூட்டத்தில் சிரிக்காதது ஆமை ஒன்றுதான். நகைச்சுவை புரியாதவள் என்று முயல் வருத்தப்பட்டது. ஆமை யாருக்கும் பதில் சொல்லாமல், ஓடையோரமாக மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

அது போய்ச் சேர்ந்தபோது நடு வெயில். புலி ராஜா வேட்டைக்குப் போயிருந்தார். பன்றிகள் நிழலில் குறட்டை விட்டன. குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் கீரி கண்ணை மூடி நின்றிருந்தது.

"தம்பி."

கீரி கண்ணைத் திறந்தது. ஆமையின் ஓட்டில் மேட்டுப் புழுதி முழுக்க அப்பியிருந்தது.

"நீ சொன்னது நிஜந்தான். பாத்துட்டேன். கீழே மணல்ல இந்நேரம் முட்டை கீற ஆரம்பிச்சிருக்கும். நீ ஒரே மூச்சுல இறங்கிடுவே. என் பேச்சை யாரும் கேட்க மாட்டாங்க. நீ போயி எல்லாரையும் கூட்டி வா. வந்து பாருங்கன்னு சொன்னா போதும்."

மரம் இல்லை. குரங்கு இல்லை. எந்தக் காயும் விழவில்லை. பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. கீரி யோசித்தது, வாழ்க்கையில் முதல்முறையாக நன்றாகவே யோசித்தது. தண்ணீர் தாடையைக் குளுகுளுவென்று தொட்டது.

"மீனுங்கதான் குடிக்குதுக்கா" என்றது.

ஆமை அதைப் பார்த்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தது.

"ஆமா தம்பி. ஒரு மீனு கழுத்தளவு தண்ணியில நிக்குது, எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தது.

கீரி சிரித்துப் பார்த்தது. எதிரே காக்கை இல்லாததால் சிரிப்பு சரியாக வரவில்லை.

நீதி: தண்ணீரை மீன்தான் குடிக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் நெல்லிக்காய் விழுவதற்குள் கேட்டுக்கொள்ளவும்.