பாறை, மின்னல், புலி

குத்துச்சண்டை கோச் தரையில் மல்லாந்து கிடந்தார்.

அவரைக் கிடத்தியவர் நூலகர். கிடத்த வேண்டும் என்று நூலகர் கனவிலும் நினைத்ததில்லை. கோச் நெருங்கி வந்தார், பனியன் கைக்கு எட்டியது, பிடித்து இடுப்பைத் திருப்பிவிட்டார். இது ஜூடோவில் செய்ய வேண்டியது. குத்துச்சண்டையில் செய்யவே கூடாதது.

"இதை எங்க கத்துக்கிட்டே?" என்று கூரையைப் பார்த்தபடியே கேட்டார் கோச்.

"கால் தடுக்கிடுச்சு சார். விழப் பாத்தேன், உங்களைப் பிடிச்சுக்கிட்டேன்."

"விழப் பாத்தது நீ. விழுந்து கிடக்கறது நான்."

"மன்னிச்சிடுங்க சார்."

கோச் முழங்கையை ஊன்றி எழுந்தார். நூலகரை மேலும் கீழும் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நூலகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தடுக்கி விழும்போதே இவ்வளவு பலம்னா, நீ நின்னு அடிச்சா என்னய்யா ஆகும்? முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை போட்டிக்கு உன் பேரைத்தான் கொடுக்கறேன். மின்னல்னு எழுதிக் கொடுக்கப்போறேன்."

நூலகர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. ஏனென்றால் ஜூடோ மாஸ்டர் முந்தின நாளே அவர் பெயரை 'பாறை' என்று கொடுத்திருந்தார். கராத்தே டீச்சர் அதற்கும் முன்பே 'புலி' என்று கொடுத்துவிட்டார்.

நகராட்சி புதிதாக ஒரு விளையாட்டு அரங்கம் கட்டியிருந்தது. ஊரில் மூன்று சண்டைப் பயிற்சிப் பள்ளிகள்; பள்ளிக்கு ஒருவர் மோத வேண்டும். ஜெயிக்கிற பள்ளிக்கு அரங்கத்தில் பயிற்சி நடத்த இடம். இதுதான் போட்டி.

நூலகருக்கு வயது நாற்பத்தாறு. வாசகர்கள் கேட்கும் புத்தகம் இல்லாவிட்டால்கூட 'இல்லை' என்று சொல்ல மாட்டார். 'தேடிப் பார்க்கறேன்' என்பார். நாலு வருஷத்துக்கு முன்பு முதுகு வலிக்காக ஜூடோவில் சேர்ந்தார். தொப்பையோடு மற்றவர்கள் நடுவில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, தனியாகச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். "சாயங்கால பேட்ச்சுல ஒரே கூட்டம். நீ காலையில தனியா வா" என்றார் மாஸ்டர். பிறகு புத்தகம் எடுக்க வந்த கோச், "ஒருநாள் வந்துதான் பாரேன்யா" என்றார். அந்த ஒருநாள் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆனது. சனிக்கிழமைகளை டீச்சர் எடுத்துக்கொண்டார். எங்கேயும் இதே கூச்சம், எங்கேயும் தனி நேரம்.

மூவரும் ஒரே சத்தியத்தை வாங்கியிருந்தார்கள். என்கிட்ட கத்துக்கறவங்க வேற இடத்துல கால் வைக்கக் கூடாது.

அந்தச் சத்தியத்தை மூன்று இடத்திலும் செய்துகொடுத்தவர் நம் நூலகர். அயோக்கியத்தனம்தான். ஆனால் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. முதலில் மறுக்க முடியாமல் போனார், பிறகு விட முடியாமல் போனார். ஆள் சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது என்று ஜூடோ சொல்லிக்கொடுத்தது. பிடிக்க வருவதற்குள் என்ன செய்வது என்று குத்துச்சண்டை சொன்னது. இரண்டு கையும் இருக்க, கால் எதற்கு இருக்கிறது என்று கராத்தே காட்டியது. இதில் எதை விடுவது?

போன மாதம் ஜூடோ மாஸ்டர் அவர் தோளில் கை வைத்து, "எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தாச்சுப்பா. என் பேரைக் காப்பாத்தப்போறது நீதான்" என்றார். இருபத்திரண்டு வருஷமாகப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருப்பவரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் நூலகர் அன்று வீட்டுக்கு நடந்தே போனார். உண்மை தெரிந்தால் அந்தக் கை தோளிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். அதை அவரால் தாங்க முடியாது.

கோச் விழுந்ததற்கு மறுநாள் காலையில் நகராட்சி கிளார்க்கைப் பார்க்கப் போனார். மூன்று பெயரில் இரண்டை அடித்துவிடச் சொல்வதாகத் திட்டம்.

கிளார்க் மூன்று விண்ணப்பங்களையும் வரிசையாக அடுக்கினார். "பாறை, மின்னல், புலி. மூணு பேருக்கும் ஒரே அப்பா பேரு, ஒரே விலாசம். அண்ணன் தம்பிங்களா?"

நூலகர் வாயைத் திறந்தார். 'இல்லை' வரவில்லை.

"ஆமாம்னு சொல்லலாம்" என்றார்.

"அட! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கிளார்க் எழுந்தே விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர். 'மூன்று கலைகள்! மூன்று சகோதரர்கள்! வெல்லப்போவது யார்?'

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "என் மாமியாருக்கு மூணு பிள்ளைங்கன்னு இன்னிக்குத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது. மத்த ரெண்டு பேரும் சாப்பிட வருவாங்களா?"

நூலகர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள்.

"மூணு பேர்கிட்டயும் போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"துரத்திடுவாங்க."

"அதுக்காகப் பொறக்காத அண்ணன் தம்பியோட சண்டை போடுவீங்களா?"

அவர் வேறு வழி வைத்திருந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஜூடோ மாஸ்டரிடம் போனார்.

மாஸ்டர் கட்டைப் பார்க்கவே இல்லை. "உன் அண்ணன் குத்துச்சண்டையாமே? தம்பி கராத்தேயாமே? ஒரே வயித்துல பொறந்துட்டு ஏன்ப்பா அவங்களுக்குப் புத்தி இப்படிப் போச்சு?"

"தெரியல மாஸ்டர்."

"கவலைப்படாதே. உன் அண்ணனைத் தூக்கிப் போடறது எப்படின்னு சொல்லித்தரேன்."

"கையில அடி மாஸ்டர். வேற யாரையாவது அனுப்புங்களேன். சாயங்கால பேட்ச்சுல நல்லவங்க இருப்பாங்க."

"அவங்கள்லாம் கத்துக்குட்டிங்க. அடிபட்ட கையோட ஜெயிச்சாத்தான் அது ஜெயிப்பு" என்று மாஸ்டர் கட்டை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை டீச்சரிடம் போகும்போது அவசரத்தில் கட்டு இடது கைக்கு மாறிவிட்டது. டீச்சர் அதற்கும் அசரவில்லை. "கை போனா என்ன சார், கால் இருக்கில்ல? உங்க ரெண்டு அண்ணனுங்களையும் கிட்டயே விடாதீங்க" என்று சொல்லி முந்நூறு உதை உதைக்கச் சொன்னார். கோச் வீட்டுக்கே வந்து, தைலம் தேய்த்து, தம்பிகளின் தாடையில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று நூலகரின் தாடையிலேயே தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி மூன்று உடைகளையும் இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தாள். நூலகர் கால்மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் காலர் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அரங்கத்தில் கூட்டம் அதிகமில்லை. நகராட்சி ஆட்கள், கிளார்க்கின் சொந்தக்காரர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். முன்வரிசையில் மாஸ்டர், கோச், டீச்சர், நடுவில் ஒவ்வொரு நாற்காலி இடைவெளி விட்டு.

"முதல் மோதல்! பாறை, மின்னல்!" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார் கிளார்க்.

நூலகர் தனியாக நடந்து வந்து நடுவில் நின்றார். மூவரையும் பார்த்துத் தனித்தனியாகக் குனிந்து வணங்கினார்.

"பாறை நான்தான். மின்னலும் நான்தான். புலியும் நான்தான். எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல."

கிளார்க் கையிலிருந்த மூன்று விண்ணப்பங்களையும் புரட்டிப் பார்த்தார்.

"மூணு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டு மூணு பேரையும் ஏமாத்தினேன். ஒரே கலையை ஆழமா கத்துக்கணும்னு நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். என்னால முடியல. ஒருத்தர் சொல்லித்தரும்போது விட்டுப்போற இடத்துல இன்னொருத்தர் நிக்கறீங்க. எது பெருசுன்னு யாராவது என்கிட்ட கேட்டா, மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குக் குறைதான்னு சொல்லுவேன். இனிமே உங்க முகத்துல முழிக்க எனக்குத் தகுதி இல்ல."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அடிப்பார்கள் என்று காத்திருந்தார். அடித்தால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்.

முதலில் ஜூடோ மாஸ்டர் எழுந்து வந்தார். தோளில் கை வைத்தார். "புதன்கிழமை வழக்கம்போல வந்துடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோச் தொண்டையைக் கனைத்தார். "வியாழக்கிழமை லேட் பண்ணாதய்யா."

டீச்சர் தரையைப் பார்த்தபடி, "சனிக்கிழமை உங்களுக்கு எந்த நேரம் வசதியோ அப்பவே வாங்க சார்" என்றார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூவரும் மூன்று வாசல் வழியாக வெளியேறினார்கள். போட்டி ரத்து என்று கிளார்க் அறிவித்தார். கூட்டம் கலைந்தது. நூலகர் மட்டும் நடுவிலேயே உட்கார்ந்து, துக்கமா சந்தோஷமா என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். பெருக்குகிற அம்மாள் ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு அவர் அருகில் வந்தாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் நூலகர். "அவங்களுக்கு எத்தனையோ மாணவர்கள். துரோகம் பண்ணின ஒருத்தனைப் போடான்னு தள்ளியிருக்கலாம். ஒருத்தர்கூடத் தள்ளலையே. என்ன ஒரு பெரிய மனசு!"

அந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அந்த மூணு இடத்தையும் தினம் பெருக்கறவ நான்தான் சார். கத்துக்க வந்தவங்கள்ல உங்க ஒருத்தர் காலடியைத் தவிர இன்னொரு காலடியை இதுவரைக்கும் நான் எங்கேயும் பாத்ததில்லையே!"