மோட்டாருக்கு வந்த ஓடிபி

இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் சாமந்தி போட்டிருந்த கோகிலவாணிக்கு, பொதுநலனை முன்னிட்டு, 'பேசும் மோட்டார்' திட்டத்தின் கீழ் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இலவசமாக வழங்கப்பட்டது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருந்தது. வீட்டில் உட்கார்ந்து போனைத் தட்டினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிணற்று மோட்டார் ஓடும். புதிய தலைமுறை அலைவரிசை என்பதால் தட்டுவதற்கும் ஓடுவதற்கும் நடுவே இமைக்கக்கூட நேரம் இருக்காது என்று வழங்கும் விழாவில் சொன்னார்கள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டும் போனார்கள். புதுப் பெட்டியில் கையால் போடும் பொத்தான் கிடையாது. அது பிற்போக்காம்.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நின்றது. கோகிலவாணியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"அன்புள்ள பயனாளரே, தாங்கள் நேரில் வந்து அடையாளத்தை உறுதி செய்யாத காரணத்தால் தங்கள் இணைப்பு நிறுத்திவைக்கப்படுகிறது."

செடி முழுக்க மொட்டு. இன்னும் நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் கருகிவிடும். கோகிலவாணி ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் தருமபுரிக்குப் போனாள்.

இணைப்புச் சாதனங்கள் அடையாள உறுதி அலுவலகத்தில் சந்திரமோகன் என்ற அதிகாரி இருந்தார். கையில் கறுப்பாக ஒரு ஸ்மார்ட் வாட்ச். அவர் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்களோடது."

"ஆமாங்க சார்."

"சிம் யாருகிட்ட இருக்குது?"

"ஸ்டார்ட்டர் உள்ளாற இருக்குதுங்க."

"அப்போ பயனாளர் ஸ்டார்ட்டர்தான். அதுதான் நேர்ல வரணும். நீங்க வந்து என்ன பிரயோஜனம்?"

"அது எப்படிங்க சார் வரும்?"

"அதுவா வரச் சொல்லலைங்கம்மா. நீங்க துணைக்கு வரலாம். விதியில இடம் இருக்குது."

அந்த நேரம் அவர் வாட்ச் உறுமியது. "எழுந்து நடக்கச் சொல்லுது" என்று பயபக்தியோடு எழுந்து போனார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் நடப்பாராம். வரிசையில் நின்ற எல்லோரும் அந்தப் பத்து நிமிஷமும் நின்றார்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் மாதேஷ் பெட்டியைக் கழற்றித் தன் மொபெட்டில் கட்டினான். கோகிலவாணி பின்னால் உட்கார்ந்து பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் பெட்டிக்கு டோக்கன் கொடுத்தார்கள், பதினேழு. துணைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் இல்லாததால் பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"தகப்பனார் பெயர்?" என்றார் சந்திரமோகன்.

கோகிலவாணி பெட்டியைத் திருப்பி அடியில் பார்த்தாள். "கம்பெனி பேரு அழிஞ்சு போச்சுங்க சார்."

"தகப்பனார் பெயர் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டவர், இரக்கத்தோடு பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "சரி, போட்டோ. ரெண்டு காதும் தெரியணும்."

மாதேஷ் இரண்டு பக்கமும் வயரை இழுத்துவிட்டான்.

"கண்ணு தொறந்திருக்கணும்."

பக்கத்து பிளக்கில் செருகியதும் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரிந்தன. மூன்று தரம் எடுத்த படமும் கண் சிமிட்டியதாகத் தள்ளுபடியானது. நாலாவது தரம் பெட்டி அசையாமல் பார்த்தது.

"நல்லா ஒத்துழைக்குது" என்றார் அதிகாரி. "இப்போ இதுக்கு மட்டும் இணைப்பைத் தொறந்து, அதோட நம்பருக்கு ஓடிபி அனுப்புவாங்க. ஆறு இலக்கம். அதை இந்த கம்ப்யூட்டர்ல போட்டுட்டா முடிஞ்சுது."

பெட்டி ஒரு தரம் பீப் என்றது.

"வந்துடுச்சு! போடச் சொல்லுங்க."

"அதுக்கு ஏதுங்க சார் கை?" என்றான் மாதேஷ். "சிம்மைக் கழட்டி என் போன்ல போட்டுப் பார்த்துச் சொல்லிடறேன்."

சந்திரமோகன் பதறிப்போனார். "ஓடிபியை வேற யாரும் பார்க்கக்கூடாது! குற்றம் தெரியுமா? நானே பார்க்கக்கூடாது!"

"சார்," என்றாள் கோகிலவாணி, "மூணு நாளா செடிக்குத் தண்ணி காட்டலைங்க. வருஷத்துக்கு இந்த ஒரு பூவுதாங்க எங்களுக்கு." அதிகாரிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டப்படுவதற்கு என்று படிவம் எதுவும் இல்லை.

வாட்ச் உறுமியது. அவர் எழுந்து நடக்கப் போனார்.

அவர் வராந்தாவின் அந்தக் கோடியில் திரும்புவதற்குள் மாதேஷ் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு, எண்ணைப் படித்து, கம்ப்யூட்டரில் தட்டி, சிம்மைத் திரும்பப் பெட்டிக்குள் செருகி, மூடியைத் திருகியும் விட்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்துச் சீலிங் ஃபேனை ஆராய்ந்தார்கள்.

சந்திரமோகன் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். 'அடையாளம் உறுதி செய்யப்பட்டது.'

"பார்த்தீங்களா?" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "கொஞ்சம் தனியா விட்டா அதுவே போட்டுக்கும். நீங்கதான் அவசரப்படறீங்க."

அன்று சாயங்காலமே மோட்டார் ஓடியது. ஓரத்தில் நாலு சால் செடி கருகியது போக மற்றதெல்லாம் பிழைத்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கோகிலவாணி ஆள் வைத்துப் பூப் பறித்தாள். வேன்காரர் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது.

"வணக்கம். எங்கள் சேவையில் தங்களுக்கு முழுத் திருப்தி என்றால் எண் ஒன்றை அழுத்தவும். திருப்தி இல்லை என்றால் எண் ஒன்பதை அழுத்தி, பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் அளிக்கவும்."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். ஒன்றை அழுத்திவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

அடுத்த மாதம் ஊர்க் கூட்டத்துக்குச் சந்திரமோகனே வந்திருந்தார். சால்வை போட்டார்கள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"கருத்துக் கேட்பில் இந்த ஊர் மக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் முழுத் திருப்தி தெரிவித்துள்ளார்கள். மீதி மூன்று பேர் போனை எடுக்கவில்லை. எனவே மக்களின் பெருவிருப்பத்தை ஏற்று, இரண்டாம் கட்டமாக வீட்டுக்கு வீடு குடிதண்ணீர்க் குழாய்க்கும் சிம் பொருத்தப்படும்."

பூவரசன் என்ற தக்காளி விவசாயி துள்ளி எழுந்தார். அவர் மோட்டாரும் இருபது நாள் நின்று போயிருந்தது. "எவன்யா அது திருப்தின்னு அழுத்தினது? கையைத் தூக்குங்கய்யா பார்க்கலாம்!"

ஒரு கையும் எழவில்லை. மாதேஷ் கட்டிங் பிளேயரைத் துடைத்தான். கோகிலவாணி முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. நின்றுகொண்டிருந்த பூவரசனுக்குத் தக்காளி மண்டியில் ஏலம் நடக்கும்போது தனக்கும் ஒரு போன் வந்தது மெல்ல நினைவுக்கு வந்தது. அவர் உட்கார்ந்தார்.

எதிர்ப்பு எதுவும் இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.