ராஜினாமா அண்ணனுக்குக் கிடைத்த நஷ்ட ஈடு

எங்கள் ராஜினாமா அண்ணனைப்போல அடிக்கடி வேலையை விட்டவர் புதுச்சேரியில் இன்றுவரை பிறக்கவில்லை. அவரைப்போல ஒரே வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் பிறக்கவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் விசேஷம்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பியிருந்த சமயம். கடற்கரைக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. அண்ணன் அங்கே கிடங்குக் காவலர். நான் பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். முறுக்கிய மீசை, இடுப்பில் சாவிக்கொத்து, எதிரே யார் வந்தாலும் ஒரே கேள்வி: "யாரக் கேட்டு உள்ள வந்த?" ஒருமுறை முதலாளியையே கேட்டுவிட்டார். முதலாளி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, யாரையும் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் மயிலம் பக்கம். மாசி மகத்துக்கு அவர்கள் சாமி வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அண்ணன் தோள் கொடுக்காமல் சாமி நகராது என்பது அவருடைய கட்சி. கம்பெனிக்கோ மாசியில்தான் கப்பலில் சரக்கு ஏறும். எங்கள் மேலாளர் பிரெஞ்சுப் படிப்புப் படித்த உள்ளூர்த் தமிழர். அவரைப் பிரெஞ்சு மரியாதைப்படி முசியே என்றுதான் கூப்பிடுவோம். வருஷா வருஷம் அவர் அறையில் இந்த நாடகம் நடக்கும்.

"முசியே, மூணு நாளு லீவு வேணும்."

"கப்பலு நிக்குதுப்பா. எப்பிடித் தர்றது?"

"அப்ப சாமிய நிக்கச் சொல்லவா? இந்த வேலைய நீங்களே வச்சுக்குங்க. நான் ராஜினாமா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சாவிக்கொத்தும் கூடவே போய்விடும். மறுநாள் காலையில் பூட்டிய கிடங்குக்கு முன்னால் மூட்டை தூக்குகிறவர்கள் கைகட்டி நிற்பார்கள். நான் வைத்திக்குப்பத்துக்கு ஓடி, கூட்டத்தில் இடிபட்டு, அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"அண்ணே, கிடங்கத் தொறக்கணும்!"

"நான் இப்ப உங்க ஆளு இல்ல தம்பி."

"அப்ப சாவியக் குடுத்துடுங்க."

"நல்லாருக்கே கத! உன்ன நம்பி கிடங்க உடச் சொல்றியா?"

ஈர வேட்டியோடு வருவார். கிடங்கைத் திறப்பார், மூட்டைகளை எண்ணுவார், நாலு பேரை வைவார், பூட்டிவிட்டு மறுபடி சாமிக்குத் தோள் கொடுக்கப் போவார். திருவிழா முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல முக்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "கம்பெனி கெஞ்சிச்சு. சரி, போவுதுன்னு வந்துட்டேன்" என்பார். யாரும் கெஞ்சியதை நான் பார்த்ததில்லை.

பிறகு கப்பல் வருவது குறைந்தது. கம்பெனியை மூடுவதென்று முடிவானது. கணக்கு முடிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். வேலை போகிறவர்களுக்கு, இடைவிடாமல் பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இவ்வளவு என்று நஷ்ட ஈடு. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். அண்ணனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி யாரும் வேலை தரப்போவதில்லை. முதலியார்பேட்டையில் அவர் வீடு அடமானத்தில் இருந்தது. இந்தப் பணம் வந்தால் வீடு, வராவிட்டால் அவரும் அண்ணியும் தெருவில்.

ஆடிட்டர் எல்லாரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டார். "நடுவுல எப்பவாவது வேலைய விட்டு நின்னிருக்கீங்களா?"

நான் ஆடிட்டர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்னா சார் அப்பிடிக் கேட்டுட்டீங்க? வருஷா வருஷம் உட்டிருக்கேன்! முசியேவ வேணா கேளுங்க."

ஆடிட்டர் பேனாவை மூடினார். "அப்ப போன மாசியிலேருந்துதான் உங்க சர்வீஸ். ஒரு வருஷம்கூட ஆகல."

நான் அண்ணனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, வெளையாட்டுக்குச் செஞ்சேன்னு சொல்லிடுங்க."

"வெளையாட்டா? சாமிக்காவ உட்டேன் தம்பி. இப்ப காசுக்காவ இல்லேன்னு சொன்னா, சாமி என்னப் பத்தி என்னா நெனைக்கும்?"

"வூட்டுல அண்ணி என்னா நெனைப்பாங்க, அத யோசிங்க!"

அவர் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கடலில் தள்ளியிருப்பேன். அதற்குள் முசியே வெளியே வந்து, அண்ணன் தோளில் கைபோட்டு, ஆடிட்டர் முன்னால் மறுபடி கொண்டுபோய் நிறுத்தினார்.

"ராஜினாமா பண்ணது நெசந்தான். அந்த மூணு நாளும் கிடங்கத் தொறந்தது யாருப்பா?"

"நான்தான்."

"மூட்டைய எண்ணினது?"

"நான்தான். வேற எவனுக்கு அங்க துப்பு இருக்கு?"

ஆடிட்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "வேலைய விட்டவரு எதுக்குங்க வேலை பார்த்தீங்க? இது எந்தக் கணக்குலயும் ராஜினாமா ஆவாதே!" பேனாவைத் திறந்து முழு சர்வீஸையும் எழுதினார்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இத்தினி வருஷத்துல ஒருவாட்டிகூட நான் ஒழுங்கா ராஜினாமா பண்ணலியா?"

அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நஷ்ட ஈடு முழுசாக வந்தது, வயசுக்கான கூடுதலோடு. வீடு மீண்டது. கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் அவர் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அதான் வூடு வந்துடுச்சே அண்ணே. அப்பறம் என்னா?"

"இத்தினி நாளும் நானா போனேன், நானா வந்தேன். இன்னிக்குத்தான் தம்பி, போன்னு சொல்லிட்டாங்க."

இன்றைக்கும் மாசி பிறந்தால், யாராவது துண்டை உதறி வேலையை விட மாட்டார்களா என்று மனசு ஏங்குகிறது. அன்று அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சொல்லி, முதலியார்பேட்டை வரைக்கும் அவரோடு நடந்தேன். என் வீடோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம், சாரம் என்ற பேட்டையில் இருந்தது.