தண்ணி அப்படியே நிக்குது

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிக் கதையில் யாராவது "பாவம், அந்த மனுஷன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அநியாயம் நடந்தது மனைவிக்கு. செய்தவர் கணவர். கணவரின் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். அந்த வீட்டில் ஓடாமல் நின்றதும் வாஷிங் மெஷின்தான். மழைக்காலம் தொடங்குவதற்குமுன் நின்றது. மழை வந்து, பெய்து, போயும் விட்டது. மெஷின் மட்டும் வயிறு நிறையத் தண்ணீரோடு குளியலறை மூலையில் அப்படியே நின்றது. மனைவி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கையால் துவைத்துக்கொண்டிருந்தார்.

இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனாலும் கணவர் தரப்பையும் கேட்போம். அப்புறம் ஒருதலைப்பட்சம் என்று பேச்சு வரக்கூடாது.

கடையில் கூட்டம் இருந்தபோது, "வெளி மெஷினையே பார்க்க நேரமில்ல, வீட்டு மெஷினை எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார். 'எப்ப வேணும்னாலும்' என்ற தேதி இதுவரை எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. பிறகு அதே தெருவில் புதிதாக இரண்டு ரிப்பேர் கடைகள் முளைத்தன. கூட்டம் குறைந்தது. நேரம் கொட்டிக்கிடந்தது. அப்போது, "இருக்கிற கவலையில எனக்கு மனசே இல்ல" என்றார். நேரம் இருந்தால் மனசு இல்லை, மனசு இருந்தால் நேரம் இல்லை. கணவர் தரப்பு இவ்வளவுதான். கேட்டாயிற்று.

மனைவி ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். கோடையில் பதவி உயர்வுத் தேர்வு. படிக்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஞாயிறு, வாரா வாரம் வாளியில் நனைந்து, பிழியப்பட்டு, கொடியில் தொங்கியது. புத்தகம் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் துணியை நனைக்கும்போது அவர் ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில் சொல்வார்.

"என்னங்க, மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது. என்ன பண்றது?"

"பாப்போம்."

பார்த்தது என்னவோ லேப்டாப்பை.

ஏனென்றால் மெக்கானிக் ஒரு சபதம் எடுத்திருந்தார். இந்த வருஷம் முடிவதற்குள், வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று இணையத்தில் யார் தேடினாலும் அவருடைய கடையின் வெப்சைட்தான் முதலில் வரவேண்டும். அதற்காக ஒரு கருவியைச் சந்தா கட்டி வாங்கினார். கீவேர்டு டூல். மக்கள் என்னென்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்த வார்த்தைக்கு எத்தனை கடைக்காரர்கள் முட்டி மோதுகிறார்கள், அதில் நம் கடை எங்கே தலைகாட்டுகிறது, எல்லாவற்றையும் கோடு போட்டுக் காட்டும். மெக்கானிக் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படி ஒரு முகத்தை இமைக்காமல் பார்த்ததில்லை என்று மனைவியே சொன்னார்.

பேச்சும் மாறிவிட்டது. குடை எடுத்துப் போங்க என்றால், "டேட்டா இருக்கா?" காபியில் சர்க்கரை போதுமா என்றால், "டேட்டா பத்தல." எதிர் வீட்டு டீச்சர் அவருக்கு 'டேட்டா சார்' என்று பெயர் வைத்தார். கேட்டுப் பெருமைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

இப்படியிருக்கையில் ஒரு ஞாயிறு, பல்கலைக்கழக விடுதியிலிருந்து மனைவியின் தங்கை வந்தாள். கையில் இரண்டு மூட்டை அழுக்குத் துணி. மெஷினை நம்பி வந்தவள், அக்காவின் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போய் மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் இருந்ததை உரக்கப் படித்தாள்.

"'வாஷிங் மெஷின் ரிப்பேர் வேண்டுமா? வாஷிங் மெஷின் ரிப்பேர் என்றாலே நினைவுக்கு வரும் வாஷிங் மெஷின் ரிப்பேர் நிலையம், எங்கள் வாஷிங் மெஷின் ரிப்பேர் நிலையமே.' மாமா, இது விளம்பரமா, விக்கலா?"

"உனக்குப் புரியாதும்மா. அந்த வார்த்தையைத்தான் எக்கச்சக்கமான பேர் தேடுறாங்க. எத்தனை தடவை போடுறோமோ அவ்வளவு நல்லது."

"எத்தனையாவது பக்கத்துல வர்றீங்க?"

"ஏழாவது. போன வாரம் ஒன்பது."

"ஏழாவது பக்கம் வரைக்கும் யாரு மாமா போவா?"

"நான் தினமும் போறேனே."

தங்கை வாயைத் திறந்தாள். விவாதத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்று நினைத்து மூடிக்கொண்டாள். அதற்குள் மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்த டூல்ல நம்ம வீட்டு மெஷினைப் பத்தி ஏதாவது வருதாங்க?"

மெக்கானிக் சிரித்தார். விவரம் தெரிந்தவர்கள் விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"ஒருத்தி சொல்றதெல்லாம் டேட்டா ஆகாதும்மா. அது புகார். ஊரே தேடினாத்தான் அது டிமாண்ட். டிமாண்ட் இருக்கட்டும், அடுத்த நாளே திருப்புளியோட உட்காருவேன்."

"ஊரே தேடினா பாப்பீங்க."

"சத்தியமா."

"சரி," என்றார் மனைவி.

இந்தச் 'சரி'யை மெக்கானிக் கவனித்திருக்க வேண்டும். சண்டை போடும் மனைவியைக் கண்டு பயப்படும் ஆண்கள், 'சரி' என்று சொல்லிவிட்டு உள்ளே போகும் மனைவியைப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். எப்படித்தான் இவர்களை நம்பித் திருப்புளியைக் கொடுக்கிறார்களோ. தங்கை தன் போனை எடுத்து ஏதோ தட்டியபடியே அக்காவின் பின்னால் போனாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. ஏழாவது பக்கத்தில் இருந்தார்.

அதற்கடுத்து வந்த நாட்களில் சில சில்லறை விஷயங்கள் நடந்தன. மாடிப்படியில் எதிர் வீட்டு டீச்சர் போனில் எதையோ தட்டிக்கொண்டே ஏறினார், மெக்கானிக்கைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "என்ன டேட்டா சார், ஏதாவது ஏறுதா?" என்று விசாரித்தார். மனைவியின் அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு பெண் அழைத்து, ஸ்பீக்கரில், "அக்கா, நம்ம பிரிவு முழுக்க முடிச்சாச்சு, தபால் பிரிவுக்கும் சொல்லிட்டேன்" என்றார். கணக்கு முடித்திருப்பார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். விடுதியில் தங்கை மாடி மாடியாக ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டு, மாணவர் தேர்தலாக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு மட்டும் அவரிடம் டேட்டா தேவைப்படவில்லை.

ஒரு மாலை லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கடையிலிருந்து ஓடிவந்தார்.

"எங்க இருக்க? இங்க வா. இல்ல, நானே வர்றேன்." குளியலறை வாசலில் நின்றார். "ஒரு தேடல் விறுவிறுன்னு மேல ஏறுது. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. எப்படிக் கேக்குறாங்க தெரியுமா? 'மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது என்ன பண்றது.'"

மனைவி சட்டை பிழிவதை நிறுத்தினார்.

"அப்படியா?"

"என்ன எளிமை பாரு. என்ன தவிப்பு. இத்தனை வருஷத் தொழில்ல என்கிட்ட ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்ல."

"ஒருத்தர்கூடவா?"

"கேட்டிருந்தா காதுல விழுந்திருக்காதா?"

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பார்கள். கவிழ்த்திருந்தால் எந்த நீதிமன்றமும் தண்டித்திருக்காது. மனைவி சட்டையை இன்னொரு முறுக்கு முறுக்கினார். காலர் கிழிந்தது. கணவருடைய சட்டைதான்.

"போட்டி எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"பூஜ்யம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினவன் ஒருத்தனும் கிடையாது. அதனாலதான் வேற வழியில்லாம நம்ம வெப்சைட்டைக் காட்டுது. இதையே தலைப்பாப் போட்டு ஒரு பக்கம் எழுதிட்டேன்னா, முதலிடம். எழுதி வச்சுக்கோ."

மறுநாள் படியில் டீச்சரிடமும் சொன்னார். டீச்சர் ஆழ்ந்து யோசித்தார்.

"நிஜப் படம் போடணும் சார். தண்ணி நிக்கிற மெஷினு, அதைக் கழட்டுறது, உள்ள என்ன இருந்துச்சு, எல்லாம். எங்கிருந்தோ எடுத்த படம்னா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

நியாயம்தான். ஆனால் தண்ணீர் நிற்கும் மெஷினுக்கு எங்கே போவது? கடையில் இருந்தவை இரண்டு. ஒன்றுக்குக் கதவு மூடாது, இன்னொன்று சுற்றும்போது லாரி மாதிரி அலறும். தண்ணீர் மட்டும் இரண்டிலும் ஒழுங்காக வடிந்தது. மெக்கானிக் சக மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் போட்டார். "தண்ணி நிக்கிற மெஷின் ஏதாவது இருக்கா?" என்று மனிதர் அலைந்தார். கடைசியில் ஒருநாள் பல் தேய்க்கும்போது, கொப்பளித்த வாயோடு அப்படியே நிமிர்ந்தார். மூலையில் அது நின்றது. மேலே அழுக்குத் துணிக் குவியல், வாளி, சோப்பு டப்பா, ஒரு சீப்பு.

வாயைத் துடைக்காமலே சமையலறைக்கு வந்தார்.

"உன் மெஷினை எனக்கு ஒரு நாள் தர்றியா?"

"எதுக்கு?"

"ரிப்பேர் பண்ண."

"அது மேலதான் அழுக்குத் துணியைக் குவிச்சு வச்சிருக்கேன். வேற இடமில்ல."

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணு. முதலிடம் சும்மா கிடைக்குமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க வார இறுதி வரை எடுத்துக்கொண்டார். அதுவரை மெக்கானிக் சொந்த மெஷினை ரிப்பேர் செய்ய அனுமதி கேட்டு, அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது.

கடைசியில் நிபந்தனை வந்தது.

"மேல இருக்கிற துணியை நீங்களே துவைச்சுக் காலி பண்ணிக்கணும்."

"சரி."

"ரிப்பேர் ஆனதும், நெஜமாவே ஓடுதான்னு பாக்கணும். ஒரு மாசத்துக்கு வீட்டுத் துணியெல்லாம் நீங்களே போட்டு, எடுத்து, காயவச்சு, மடிச்சுப் பாருங்க. சோதிக்காம எழுதினா ஜனங்களை ஏமாத்தின மாதிரி."

"மடிக்கிறது எதுக்கு?"

"டேட்டா முழுசா இருக்கணும்ல."

மெக்கானிக்கால் இதை மறுக்க முடியவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

அந்த ஞாயிறு வைபவம் நடந்தது. படம் பிடிக்கத் தங்கை வந்திருந்தாள். மெக்கானிக் நின்ற தண்ணீரை வாளியில் இறக்கிவிட்டு, மெஷினைச் சாய்த்து, கீழ் மூடியைத் திறந்து, தண்ணீர் வெளியேறும் வழியில் இருந்த பம்பைக் கழற்றினார். கழற்றி முடிக்க ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. உள்ளிருந்து கொத்தாகத் திருகாணிகள் விழுந்தன. கூடவே கடையின் விசிட்டிங் கார்டு, கூழாக.

மெக்கானிக் லேப்டாப்பில் தட்டினார். "'காரணம்: வீட்டுப் பெண்கள் சட்டைப் பையைப் பார்க்காமல் துணியை மெஷினில் போட்டுவிடுவது.'"

தங்கை கேமராவை இறக்கினாள். "மாமா, இந்த வீட்டுல திருகாணியைப் பையில போட்டுட்டு வர்றது யாரு?"

"அது... தொழில்னு இருந்தா..."

"அப்ப அதை எழுதுங்க. 'காரணம்: மெக்கானிக்.' ரொம்பச் சின்ன வார்த்தை. தேடுறதுக்கும் சுலபம்."

"படிக்கிற புள்ள, பெரியவங்ககிட்ட இப்படியா வாதாடுவ?"

"படிக்கிறதே அதுக்குத்தான் மாமா."

நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின், 'காரணம்: சட்டைப் பையில் மறந்துபோன திருகாணிகள்' என்று முடிவாயிற்று. யார் சட்டை, யார் மறந்தார் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் கிடையாது. செய்தித்தாள்களில் அநியாயங்களைப் பற்றி எழுதும்போதும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

பக்கம் வெளியானது. முதலிடம் வந்தது. பொய்யில்லை, முதல் பக்கத்தில், முதல் வரியில், மெக்கானிக்கின் கடை. டீச்சருக்குக் காட்டினார். போட்டிக் கடைக்காரர்கள் இருவருக்கும் அனுப்பினார். கடை போனைத் துடைத்து, முழுச் சார்ஜ் ஏற்றி, கண் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. ஒரே ஒரு முறை அடித்தபோது பாய்ந்து எடுத்தார். மனைவி, அலுவலகத்திலிருந்து. "மேகம் கறுக்குது, வீட்டுக்குப் போய்க் கொடியில இருக்கிறதை எடுத்து உள்ள போட்டுடுங்க."

அடுத்த ஞாயிறு. மெஷின் குளியலறையில் ஒரு சீராக உறுமி, கடகடவென்று தண்ணீரை வெளியே தள்ளியது. மனைவி மேஜையில் தேர்வுப் புத்தகத்தைப் பிரித்து, மூன்றாம் பாடத்தில் இருந்தார். விரல்கள் காய்ந்திருந்தன. சோதனைக் காலத்தில் இருந்த மெக்கானிக், தோளில் ஈரப் போர்வையும் கையில் லேப்டாப்புமாக எதிரில் வந்து நின்றார். திரையில் கோடு மலை மாதிரி ஏறி, உச்சியிலிருந்து செங்குத்தாக விழுந்து, தரையோடு படுத்துக் கிடந்தது.

"இங்க பாரேன். ஊரே தேடிட்டு இருந்துச்சு. நான் மெஷினைச் சரி பண்ண அன்னிக்கே எல்லாரும் ஒட்டுமொத்தமா நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒரு ஆள்கூடத் தேடல. முதலிடத்துல நான் மட்டும் நிக்கிறேன். என்னதான் ஆச்சு இவங்களுக்கு?"

மனைவி ஒரு வரியை அடிக்கோடிட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"தண்ணிதான் வடிஞ்சிடுச்சேங்க. இனிமே நாங்க எதுக்குத் தேடணும்?"