அரை அங்குலம் லூஸ்

சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டு, குழாய்க்குள் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"யாரு எடுத்த அளவு இது?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நான்தான். நேத்து எழுதிக் குடுத்தேனே" என்றார் டெய்லர். இருபது வருஷமாக ஊரையே அளந்த கை. அந்தப் பெருமை குரலில் இருந்தது.

"குழாயைவிடத் தண்டு பெருசா இருக்கே?"

"அரை அங்குலம் லூஸ் வச்சு எழுதினேன். இறுக்கிப் பிடிக்கக் கூடாதில்ல?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "டெய்லர் சார், குழாய் மூச்சு விடாது."

அது டெய்லர் மனைவியின் மலை சைக்கிள். கல்யாணத்துக்கு முன்னால் மேட்டுப் பாதையெல்லாம் அதில்தான் பறப்பாள். பிறகு தபால் அலுவலக வேலை, வீடு, குழந்தை. ஏழு வருஷமாக வண்டி மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. போன வாரம் ஜன்னலில் நின்றவள், "ஏங்க, அந்த ரெண்டு பேரும் சைக்கிள்ல போறதைப் பாருங்களேன்" என்று பெருமூச்சு விட்டாள். டெய்லர் காதில் 'சைக்கிள்' மட்டும்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். அதற்குள் வண்டியைப் புதுசாக்கி அவள் முன்னால் நிறுத்திவிட வேண்டும், அவளுக்குத் தெரியாமல். அந்தப் பழைய சிரிப்பை ஒரு தடவை பார்த்தால் போதும் அவருக்கு.

சீட்டு மாறியது. புது சீட்டுக்குப் பக்கத்தில் ஹேண்டில்பார் அசிங்கமாகத் தெரிந்தது. அதை அகலமாகப் போட்டார்கள். பிரேக் கம்பி எட்டவில்லை.

"துணியா இருந்தா ஒட்டுப் போட்டுடலாம்" என்றார் டெய்லர்.

"பிரேக்குல ஒட்டுப் போட்டா, அப்புறம் உங்களுக்குத்தான் ஒட்டுப் போடணும்."

புது பிரேக் வந்தது. பழைய சக்கரத்தில் அது உட்காரவில்லை. புது சக்கரம் வந்தது. பழைய செயின் ஒத்துவரவில்லை. செயின், கியர், பெடல் எல்லாம் மாறின. கழற்றியதையெல்லாம் டெய்லர், சைக்கிள் கடை மூலையிலிருந்த சாக்கில் போட்டார். மறுநாள் பார்த்தால் சாக்கு காலி.

"பழைய இரும்புக்காரன் எடுத்துட்டான்போல" என்றார் கடைக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வீட்டில் வேறு தொல்லை.

"என் பழுப்பு பேண்ட் எங்கம்மா?" என்றார் மனைவியிடம்.

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"நாலு நாளாவா?"

"கறை போகலை."

"ஊருக்கெல்லாம் பேண்ட் தைக்கிறேன், எனக்குப் போட்டுக்க ஒண்ணு இல்லை. நல்ல பொழப்பு!" என்று புலம்பிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை, கடைக்காரர் வண்டியின் ஃபிரேமை ஸ்பானரால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "விரிசல்."

"எங்க?"

"உள்ள."

உள்ளே இருக்கும் விரிசலை யார் பார்ப்பது? ஃபிரேமும் மாறியது. டெய்லர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல அவளோடதுன்னு இப்ப என்னதான் இருக்கு?"

"ஏன், பெல் இருக்கே."

டெய்லர் ஆசையாக அதை அழுத்தினார். மூடி கழன்று உருண்டு, மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

"இருந்துச்சு" என்றார் கடைக்காரர்.

டெய்லர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல இருந்தது. அவள் வண்டியைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பி, அவள் தொட்ட ஒரு திருகைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி பளபளவென்று நின்றது. முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பிடி. டெய்லர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். சொகுசாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது, மனைவி தன் தோள் உயரம்தான் என்று.

"ஐயையோ! அண்ணே, இதுல அவளுக்குக் கால் தரையில படாதே!"

"ஆமா, படாது" என்றார் கடைக்காரர் சாவதானமாக.

வாசலில் பெல் அடித்தது. பழக்கப்பட்ட சத்தம். டெய்லர் திரும்பினார். அவர் மனைவி சைக்கிளில் வந்து நின்றாள். அதே பழைய ஃபிரேம், துரு போகத் தேய்த்து எண்ணெய் போட்டது. அதே ஹேண்டில்பார், அதே சக்கரம். கிழிந்த சீட்டில் தையல் மட்டும் கோணல்மாணலாக ஓடியது.

"ஏங்க, மேட்டுப் பாதை வரைக்கும் போவோமா?" என்று சிரித்தாள். அவர் ஏங்கிய அதே சிரிப்பு.

டெய்லர் அவள் வண்டியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். "அப்ப இது... எனக்கு எப்படி இவ்வளவு கச்சிதமா...?"

கடைக்காரர் மேசை டிராயரைத் திறந்து, மடித்து வைத்திருந்த பழுப்பு பேண்ட்டை எடுத்து நீட்டினார்.

"லூஸ் வைக்காம இந்த அளவுக்கே ஒரு வண்டி கட்டச் சொல்லி, திங்கட்கிழமையே தங்கச்சி குடுத்துட்டுப் போச்சு."